ஆறு பேர் தங்கும் அறை

"ஆறு பேர்தான் மேடம். அதுக்கு மேல ஒருத்தர் வந்தாலும் அலவ் பண்ண முடியாது" என்று விடுதி அறை பதிவு செய்யும் பெண் போனில் சொன்னபோது நான் எங்கள் அலுவலகத்தின் மாடிப்படியில் நின்றிருந்தேன். வீட்டில் பேச முடியாத பேச்சையெல்லாம் அங்கே போய்ப் பேசுவதுதான் என் வழக்கம். "அதுல ரெண்டு பேர் சின்னப் பசங்கம்மா, மடியில படுத்துக்குவாங்க" என்று சொல்லிப் பார்த்தேன். பெரியவர்கள் நான்கு, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் இரண்டு, சின்னப் பசங்களையும் சேர்த்துத்தான் ஆறு என்று அவள் பொறுமையாக விளக்கினாள். "நாங்க பாய் கொண்டாந்துக்கறோம். உங்க கட்டிலே வேணாம்" என்றேன். இது தீ விபத்துப் பாதுகாப்புக்காக வைத்திருக்கிற விதி என்றாள். வீட்டில் நாங்கள் ஏழு பேர்.

ஏழு என்று இப்போது எழுதுகிறேனே தவிர, அதுவரை நான் அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் ஆளை எண்ணக் கூடாது. தின்கிற இட்லியை எண்ணினால் வயிற்றுக்கு ஆகாது, பிள்ளைகளை எண்ணினால் கண்பட்டுவிடும், வீட்டு ஆட்களை எண்ணினால் ஒன்று குறைந்துவிடும். இது என் மாமியாரின் சட்டம். என் வீட்டுக்காரர் மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். விடிந்ததிலிருந்து பெட்டி எண்ணுவதுதான் பிழைப்பு. அவர்கூட வீட்டுக்குள் வந்துவிட்டால் எண்ணை மறந்துவிடுவார்.

இந்த விடுமுறை உறுப்பினர் திட்டத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். ஓசூரில் ஒரு பெரிய கடைக்கு மின்விசிறி வாங்கப் போனோம். வாசலில் ஒரு கூப்பனில் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து, பரிசு விழுந்திருக்கிறது, குடும்பத்தோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூப்பிட்டார்கள். பரிசு என்னவோ ஒரு பிளாஸ்க்தான். அதற்காக ஓட்டல் ஹாலில் அரை நாள் உட்காரவைத்து, மலையும் கடலுமாகப் படம் காட்டினார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் என் வீட்டுக்காரரிடம், "உங்க ஃபேமிலில எத்தனை பேர் சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் எண்ணறதில்லைங்க" என்று இவர் பெருமையாகச் சொன்னார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனிதர் சிரித்துவிட்டு மறுபடியும் கேட்டார். இவர் மறுபடியும் அதையே சொன்னார். பொறுக்க மாட்டாமல் நான்தான் விரலை மடக்கினேன். நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர், மாமனார், மாமியார். மாதச் சம்பளம் வாங்குகிறவள் நான் என்பதால் உறுப்பினர் அட்டையும் என் பெயரிலேயே வந்தது. வருஷத்தில் ஒரு வாரம், ஆறு பேர் தங்கும் அறை, இருபத்தைந்து வருஷத்துக்கு. அத்தனை வருஷமும் எங்கள் குடும்பம் அப்படியே நிற்கும் என்று அவர்கள் எப்படி நம்பினார்களோ, கையெழுத்துப் போட்ட நானும் எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

அடுத்த வருஷமே அண்ணி வந்து சேர்ந்தார். அண்ணி என்று நான் கூப்பிடுவது என் வீட்டுக்காரரின் அக்காவை. அரூர் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள், பிள்ளையில்லை. அவர் கணவர் மாரடைப்பில் போனார். காரியம் முடிந்த மறுநாள் கொழுந்தனார்கள், "பொறந்த வூட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வாங்க" என்று சொல்லி அவர் பையை எடுத்து வாசலில் வைத்துவிட்டார்கள். அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார். "நான் கெளம்பறேன்னு ரெண்டு வாட்டி சொன்னேன் கண்ணு. இருன்னு ஒருத்தராச்சும் சொல்லுவாங்கன்னு பாத்தேன்" என்றார். அன்றைக்கு வெயில் சாயும் வரை தெருவிலேயே நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறார். அதிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் வாசற்படி ஓரமாக நிற்பார். எல்லோரும் உட்கார்ந்து, யாராவது கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் உட்காருவார். எங்கள் வீட்டிலேயே அப்படித்தான் என்பது எனக்கு எரிச்சலாகவும் இருக்கும், அழுகையாகவும் வரும்.

அந்த வருஷம் எங்களுக்கு முதலில் கிடைத்தது ஒகேனக்கல் பக்கம் இருந்த ஒரு விடுதியில் இரண்டு நாள். கடலும் மலையும் காட்டி ஏமாற்றிவிட்டு, நம்ம மாவட்டத்திலேயே கொண்டுபோய் விடுகிறார்களே என்று நான் புலம்பினேன். மாமியாருக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தேதி ஆடிப்பெருக்கை ஒட்டி விழுந்திருந்தது. ஆடிப் பதினெட்டுக்குக் காவேரியில் முழுகிவிட்டு, அன்றைக்கே ஊர் திரும்பாமல் ஆற்றங்கரையிலேயே தங்குவது என்பது அவர் ஆயுசுக்கும் கிடைக்காத யோகம். போனில் கேட்ட விஷயத்தைச் சொல்லலாம் என்று வாயைத் திறக்கிற போதெல்லாம், அவர் எந்தப் புடவை எடுத்துக்கொள்வது என்று கேட்டு என் வாயை அடைத்துவிடுவார்.

எங்கள் பக்கத்தில் ஒருவரை அழைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் தடவை கூப்பிட்டால், "நான் என்னாத்துக்குங்க, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை கூப்பிட்டால், ஆடு மாடு இருக்கிறது, வேலை கிடக்கிறது என்று ஏதாவது சாக்கு சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் அது அழைப்பு. முதல் தடவையே சரி என்று தலையாட்டுகிறவரை, அலைந்துகொண்டிருந்தார் போல என்பார்கள். இரண்டோடு நிறுத்திக்கொள்கிறவரை, ஒப்புக்குக் கூப்பிட்டார்கள் என்பார்கள்.

ஒரு நாள் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "அக்கா, நீயும் வா" என்றார். எதிர்பார்த்தபடி அண்ணி, "நான் என்னாத்துக்கு தம்பி" என்றார். மாமியார், "வாடி, ஆத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வரலாம்" என்றார். "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுவா? நீங்க போயிட்டு வாங்கம்மா" என்றார் அண்ணி. இரண்டு தடவை முடிந்துவிட்டது. இவர் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். மாமியார் வெற்றிலையைத் தேடிக்கொண்டிருந்தார். மூன்றாவது அழைப்பு நடுவீட்டில் கேட்பாரற்றுக் கிடந்தது. யாரும் எடுக்காவிட்டால் நாங்கள் ஆறு பேராகிவிடுவோம், போனில் பேசிய பெண்ணின் கணக்குக்குச் சரியாகப் பொருந்திவிடுவோம். ரசப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சாதத்தில் இல்லாத கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாட்டப் பக்கத்து வூட்டுல பாத்துக்குவாங்க. நீங்க வராம நாங்க எப்படிங்க அண்ணி போறது? வாங்க" என்று சொன்னது நான்தான். புத்தி தடுப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அவ்ளோ சொல்றீங்கன்னா சரி" என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அதன் பிறகு ஆறு என்ற எண்ணை நான் எப்படிச் சொல்வது?

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. விடுதியில் அதிகமாக ஒரு அறை கிடைக்குமா என்று கேட்டேன், ஆடிப்பெருக்குக்கு எல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். ஒகேனக்கல் லாட்ஜ்களில் விசாரித்தேன், அங்கும் அதே பதில்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே நின்று, விருந்தாளியாக ஒருவரைக் கூட்டிவரலாமா என்று போனில் கேட்டேன். வரலாம், ஆனால் இரவு எட்டு மணிக்குள் வெளியே போய்விட வேண்டும் என்றார்கள். "எட்டு மணிக்கு மேல அந்த ஒருத்தர் எங்கங்க போவாங்க?" என்று கத்திவிட்டேன்.

கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அசரவே இல்லை. "உள்ள போயிட்டா எவன் எண்ணப் போறான்? பாய விரிச்சா பத்துப் பேர் படுக்கலாம்" என்றார்.

"எண்ணுவாங்க. அங்க எண்ணறதுதான் வேலையே."

"எண்ணட்டும். அக்காவ வெளிய போன்னு சொல்லிருவானா?"

சொல்வான் என்பதுதான் என் பயமே. அறை கிடைக்காமல் திரும்பி வருவது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஒகேனக்கல் எங்கேயும் ஓடிப்போகாது. ஆனால், பளபளவென்று தரை போட்ட ஒரு வாசலில், ஊர் பேர் தெரியாத ஒருவர் அண்ணியைக் காட்டி, இவர் மட்டும் அதிகம் என்று சொல்லிவிட்டால்? ஒரு தடவை பையோடு வெளியே நின்றவர் அவர். இரண்டாவது தடவை நிற்கவைத்தால், அவரைக் கூட்டிக்கொண்டு போனவள் நான் என்றல்லவா ஆகும்? முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது என்பது என் கதையாயிற்று.

கிளம்புகிற நாள் வந்தது. வண்டியை வீட்டுக்காரரே ஓட்டினார். மாமனார் தன் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். அது இல்லாமல் அவருக்கு உறக்கம் வராது. பாலக்கோடு தாண்டி, பாப்பாரப்பட்டி வழியாகப் பென்னாகரம் போகிற வரைக்கும் மண்டியிலிருந்து போன் மேல் போன். விலை இறங்குகிறது, லாரி வரவில்லை, எப்போது வருவீர்கள் என்று. இவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே பதில் சொன்னார். பிள்ளைகள் பின் சீட்டில் அண்ணியை நடுவில் உட்காரவைத்து அந்தாக்ஷரி பாடினார்கள். அண்ணிக்குப் பாட்டு வராது, கைதான் தட்டுவார். பென்னாகரத்தைத் தாண்டிக் காட்டுக்குள் சாலை இறங்கியதும் குரங்குகளைக் காட்டி மகன் எண்ண ஆரம்பித்தான். "எண்ணாதடா" என்று மாமியார் அதட்டினார். "கொரங்குக்கும் கண்ணு படுமா ஆயா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கெஞ்சலாமா, சண்டை போடலாமா, மேலாளரைக் கூப்பிடச் சொல்லலாமா? அண்ணியைப் பிள்ளைகளோடு வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் போய் ரகசியமாகப் பேசலாமா? அப்படியே செய்யலாம் என்று முடிவெடுத்தேன். ஆனால் வண்டி நின்றதும் பிள்ளைகள் குதித்து உள்ளே ஓட, மாமியார் அவர்கள் பின்னால் ஓட, மாமனார் தலையணையோடு நடக்க, என் திட்டம் வண்டியை விட்டுக்கூட இறங்கவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் கைகூப்பினாள், ஆளுக்கு ஒரு டம்ளர் நன்னாரி சர்பத் கொடுத்தாள். ஆதார் அட்டைகளைக் கேட்டாள். நான் அட்டைகளை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு, நான் இத்தனை நாளாகப் பயந்தது நடந்தது. அவள் பேனாவை நீட்டி எங்களை எண்ணினாள். எண்ணி முடித்ததும், கண்படாமல் இருக்க மாமியார் சட்டென்று பேத்தியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"சிக்ஸ். கரெக்டா இருக்கு மேடம்" என்று சிரித்தாள்.

கரெக்டா! எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கும்பிட்ட சாமியெல்லாம் கைகொடுத்தது என்று நினைத்தேன், சர்பத்தை ஒரு மடக்குக் குடித்தேன். இரண்டாவது மடக்குக்கு முன்பே யாரோ குறைகிறார்கள் என்று பட்டது. திரும்பிப் பார்த்தேன். அண்ணி இல்லை.

வண்டிக்கு ஓடினேன். வண்டியில் அவர் பையும் இல்லை. வாசல் காவலரிடம் கேட்டேன். "ஒரு அம்மா பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டாங்க. மீன் கடைப் பக்கம் போனாங்க" என்றார். ஆற்றில் வெள்ளம் இறங்குகிற சத்தம் காதில் இரைந்தது. ஆடி வெள்ளத்தில் ஆற்றுப் பக்கம் போயிருப்பாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. செருப்பு அறுந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன்.

மீன் வறுக்கிற கடைகளுக்கு எதிரில், பஸ் நிற்கும் இடத்தில், அவர் நின்றிருந்தார். காலியாகக் கிடந்த பெஞ்சில்கூட உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடி, பென்னாகரம் பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி சிரித்தார்.

"எங்க அண்ணி கெளம்பிட்டீங்க?" எனக்கு மூச்சு வாங்கியது.

"மாட்டு நெனப்பு வந்துடுச்சு கண்ணு. நீங்க இருந்துட்டு வாங்க."

"பொய் சொல்லாதீங்க."

அவர் மீன் கடைப் புகையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னிக்கு நீ தொட்டிக்கிட்ட நின்னு போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. நான் செவுத்துக்கு அந்தப் பக்கம் துணி மடிச்சுக்கினு இருந்தேன். எட்டு மணிக்கு மேல அந்த ஒருத்தர் எங்க போவாங்கன்னு கேட்ட பாரு…"

"தெரிஞ்சேதான் வந்தீங்களா?"

"வராம இருந்தா நீ மூணாவது வாட்டி கூப்புட்டதுக்கு என்ன மரியாதை? வந்தாச்சு, ஆத்தையும் பாத்தாச்சு. நானா கெளம்பிட்டா யாரும் யாரையும் போகச் சொல்ல வேண்டியதில்ல."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை. விதி போட்டவர்கள் மேலா, நானாகக் கிளம்பிவிடுகிறேன் என்கிற இந்த மனுஷி மேலா, எண்ணிக்கை சரி என்றதும் லேசாகிப்போன என் உடம்பு மேலா? ஒன்றும் பேசாமல் அவர் தோளிலிருந்து பையைப் பிடுங்கினேன். பையை மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். பை இல்லாமல் அவர் எங்கே போவார்? பின்னாலேயே வந்தார்.

வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று, எல்லோர் காதிலும் விழும்படியே சொன்னேன்: "நாங்க ஏழு பேருங்க." அந்த எண் என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மாமியார் அதிர்ந்து பார்த்தார். மேசைப் பெண்ணின் சிரிப்பு மறைந்தது. மன்னிப்புக் கேட்டாள், விதியைச் சொன்னாள், கணினியைத் தட்டி ஒரு அறைகூட இல்லை என்று திருப்பிக் காட்டினாள். "நான் வண்டியிலயே படுத்துக்கறேன்" என்றார் என் வீட்டுக்காரர். வண்டி நிறுத்தும் இடத்தில் யாரும் தங்கக் கூடாது என்றாள். அண்ணி எனக்குப் பின்னால் வாசல் பக்கமாக நகர்ந்துகொண்டே இருந்தார். பயந்ததெல்லாம் பயந்தபடியே என் கண் முன்னால் நடந்தது. ஊர் ஜனம் சோபாக்களில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

மாமியாருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பேத்தியை முந்தானையிலிருந்து விட்டார். நேராக நடந்து போய், மகளின் கையைப் பிடித்து மேசைக்கு முன்னால் இழுத்து வந்தார்.

"எத்தன பேரும்மா உங்க சட்டம்?"

"ஆறு பேர் பாட்டி."

"சரி. எங்க ஆளுங்கள நானே எண்ணறேன்" என்றார். பிறந்ததிலிருந்து ஆளை எண்ணாத அந்த அம்மாள், மகளின் தலையில் கை வைத்து, "ஒண்ணு" என்றார்.

பேத்தியைத் தொட்டு இரண்டு என்றார், பேரனைத் தொட்டு மூன்று என்றார். தலையணையோடு நின்ற மாமனாரைப் பார்த்து நான்கு. என் தோளில் தட்டி ஐந்து. தன் நெஞ்சில் கை வைத்து, "ஆறு. எழுதிக்க" என்றார்.

வண்டிச் சாவியோடு நின்றிருந்த மகனிடம் அந்தக் கை போகவேயில்லை. "ஏம்மா, நான் உன் புள்ள இல்லையா?" என்று இவர் பாதி விளையாட்டாகக் கேட்டார்.

"உன்ன வழியெல்லாம் தக்காளி கூப்புட்டுக்கினே வந்துச்சு. அங்க போய்ப் படு. நாளன்னிக்கு வந்து எங்களக் கூட்டிக்கினு போ."

"அம்மா, தம்பி இருக்கட்டும். நான் என்னாத்துக்கு…" என்று அண்ணி ஆரம்பித்தார்.

"நிறுத்துடி. இன்னிக்கு ஒரு வாட்டிதான் கூப்புடுவேன்."

அண்ணி தன் தம்பியைப் பார்த்தார். அவர் சாவியை ஆட்டிக்காட்டிச் சிரித்துவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். வாசல்படியில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். யாராவது இருக்கச் சொல்கிறார்களா என்றுதான் பார்த்திருப்பார். நாங்கள் யாரும் சொல்லவில்லை. மேசைப் பெண் புதிதாக ஒரு ஆதார் அட்டையை வாங்கிப் பதிந்தாள், சாவி வர ஐந்து நிமிஷம் ஆகும், எல்லோரும் உட்காருங்கள் என்றாள். மாமனார் தலையணையை வைக்க இடம் தேடினார், பிள்ளைகள் மீன் தொட்டியிடம் ஓடினார்கள். நான் அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி எங்களில் ஒருவருக்காகவும் காத்திராமல், முதல் ஆளாகப் போய் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.